பம்பரத்தின் குரலில் ஒரு ராணி

டப்பிங் அறை வாசலில் அவள் செருப்பை விட்டாயிற்று. கம்மல், வளையல், கைக்கடிகாரம், இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்து என்று ஒவ்வொன்றாக என் மடிக்கு வந்து சேர்கின்றன. கடைசியாகக் கைப்பேசி. அதை மட்டும் கொடுக்க மனம் வராமல் திரையை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, "அக்கா, அப்பா கூப்பிட்டா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து கையக் காட்டுங்க," என்கிறாள். அப்பா ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கூப்பிடுவது எப்போதும் இவள்தான்.

டப்பிங் மைக் பொல்லாதது. வளையல் உரசினால் பிடித்துக்கொள்ளும், பட்டுப்புடவை சரசரத்தால் பிடித்துக்கொள்ளும், வெறும் வயிறு கடமுடா என்றால் அதையும் விடாது. ஆகவே இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் பருத்தியில் உடுத்தி, அளவாகச் சாப்பிட்டு, ஆடாமல் அசையாமல் நிற்கப் பழகிக்கொள்வார்கள். முதல் இரண்டும் இவளுக்குக் கைவந்தவை. மூன்றாவது வரவே இல்லை. இன்ஜினியர் அவள் காலடியில் தடித்த கம்பளத் துண்டு ஒன்றை மடித்துப் போட்டிருக்கிறார். அதன் மேல் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி வைப்பாள். ஒரு வசனம் முடிவதற்குள் கம்பளத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போயிருப்பாள். வாய் மட்டும் மைக்கை விட்டு விலகாது. ஒலிக்கூடத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர்.

நான் அங்கே வசனம் எழுதுகிறவள். வேற்றுமொழிப் படத்தில் ஒருவர் வாயைத் திறந்து மூடுவதற்குள் அடங்குகிற மாதிரி தமிழில் பேச்சு எழுதித் தருவது என் பிழைப்பு. நான் எழுதியதை எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். பம்பரம் பேசினால் மட்டும், இதை நான்தான் எழுதினேனா என்று சந்தேகம் வரும்.

நாற்பதைத் தாண்டியவள். ஒல்லி. கூந்தலைச் சுருட்டி அதில் ஒரு பென்சிலைச் செருகியிருப்பாள், பிறகு அந்தப் பென்சிலையே ஊரெல்லாம் தேடுவாள். யாராவது பேச ஆரம்பித்தால், "ஆச்சு, ஆச்சு, அப்புறம்?" என்று முடிவுக்குத் துரத்துவாள். டீ ஆறும்வரை காத்திருக்க மாட்டாள், சுடச்சுடக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வாள். கார்ட்டூன் அணில், கொலையான மனைவிகள், அணு விஞ்ஞானி, கதாநாயகனின் தங்கை என்று அவள் குரல் புகுந்து வராத உடம்பு இல்லை. அணிலுக்கு அவள் பேசியதைக் கேட்டு இன்ஜினியரின் பேத்தி ஒலிக்கூடத்துக்கே அணிலைத் தேடி வந்தாள்.

போன வருடம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. காதல், நகைச்சுவை, அரண்மனை. சின்ன ராஜ்யம் ஒன்றின் இளவரசி தவறான ரயிலில் ஏறி, துறைமுக ஊர் ஒன்றில் இறங்கிவிடுகிறாள். அங்கே பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ஓர் ஏழை இளைஞன், யாரோ வேலையை விட்டு ஓடிவந்த பணிப்பெண் என்று நினைத்து அவளுக்கு அடைக்கலம் கொடுக்கிறான். இளவரசிக்குக் கதவைத் திறக்கவே தெரியாது. எந்தக் கதவைக் கண்டாலும் முன்னால் போய் நின்றுவிடுவாள், யாராவது திறப்பார்கள் என்று. அவனுடைய ஒரே நல்ல சட்டையை இஸ்திரி போடுகிறேன் என்று தீய்த்துவிடுவாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே காதல் வந்துவிடும். அப்புறம் அவளுடைய அண்ணன் அரசுரிமை வேண்டாம் என்று சொல்லிவிட, மகுடம் இவள் தலைக்கு வருகிறது. திரும்பிப் போய்விடுகிறாள்.

"என்னக்கா இவ, ரயில் மாறி ஏறினதுக்கே இவ்வளவு கலாட்டாவா? நான்லாம் தினம் பஸ் மாறி ஏறறேன், ஒரு பயலும் வந்து பியானோ வாசிக்கல," என்றாள் பம்பரம், முதல் நாள் படத்தைப் பார்த்துவிட்டு. சொல்லிவிட்டு உடனே கைப்பேசியை எடுத்தாள். "அப்பா, தண்ணி குடிச்சீங்களா? குடிச்சீங்களா இல்ல குடிச்சேன்னு சொல்றீங்களா?"

இரண்டு காட்சிகளுக்கு நடுவே கிடைக்கும் சந்தில் எல்லாம் இந்த அழைப்புதான். மாத்திரை போட்டாரா, பால்காரர் வந்தாரா, வாக்கரைப் பிடித்துக்கொண்டுதானே குளியலறைக்குப் போனார். அப்பா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து இப்படி. தம்பிகள் இருவரும் தூரதேசத்தில். அம்மா எப்போதோ போய்விட்டாள். தம்பிகளின் படிப்பு, கல்யாணம், அவர்கள் பெண்டாட்டிகளின் பிரசவம் என்று இவள் பார்த்து முடித்தபோது, இவளுக்கென்று வந்த வரன்கள் எல்லாம் வேறு பெண்களைக் கட்டி அப்பாக்களாகியிருந்தார்கள். இதைச் சொன்னவள் அவளேதான், சிரித்துக்கொண்டே.

அந்தப் படத்தில் பியானோக்காரனுக்குப் பேசியவர் காலையில் வந்துவிட்டுப் போய்விடுவார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு வருவார், அவர்களை ஏற்றப் போகும் நேரத்துக்குள் பேசி முடித்துவிடுவார். மனைவியை இழந்து பல வருடம் ஆன மனிதர். கம்பத்தை நட்டது போல நிற்பார், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை வராது. டப்பிங்கில் ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு ஒலித்தடம். காதலனும் காதலியும் முகம் பார்க்காமலே படத்தை முடித்துவிடுவார்கள். பம்பரம் பிற்பகலில் வந்து, ஹெட்போனில் அவர் குரலைக் கேட்டுக்கொண்டு பதில் பேசுவாள். பல படங்களாக இப்படித்தான். "இந்த மனுஷன் வாயத் திறக்கறதுக்குள்ள எனக்கு முடி நரைச்சிரும்," என்பாள். ஆனால் அவருடைய தடத்தை இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்பாள். லிப், அதாவது உதட்டசைவு, சரியாகப் பொருந்த வேண்டுமாம்.

படம் பாதியில் இருக்கும்போது ஒருநாள் பிள்ளைகளுக்கு விடுமுறை. அவர் பிற்பகல்வரை இருந்தார். தாழ்வாரத்தில் டீ மெஷின் பக்கத்தில் இவளை நிறுத்தி, நான் அங்கே நிற்கிறேனே என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லாமல் கேட்டார்.

"உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. கட்டிக்கலாம்னு நினைக்கிறேன். இஷ்டம்னா சொல்லுங்க, இல்லன்னாலும் சொல்லுங்க."

பம்பரம் ஒரு கணம் அசையவில்லை. பிறகு, "அப்பா இருக்காருங்க," என்றாள்.

"தெரியும். இருக்கறவர்கிட்டத்தானே மரியாதையா வந்து கேக்க முடியும்."

"இல்லங்க, அவர விட்டுட்டு..."

"விடச் சொல்லலியே."

அவள் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்துவிட்டாள். அழைப்பு எதுவும் வரவில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அவள் இன்னும் சுழன்றாள். வசனத்தை மறந்தாள், கம்பளத்தை விட்டு இறங்கினாள், ஸ்டாண்டில் இடித்துக்கொண்டாள். எப்படியோ கடைசிக் காட்சிவரை வந்து சேர்ந்தோம்.

அந்தக் காட்சியில் அவன் அரண்மனைப் பியானோவுக்குச் சுருதி சேர்க்க அழைக்கப்படுகிறான். சுற்றிலும் மந்திரிகள். ராணியாகிவிட்டவள் ஒரு தொழிலாளியிடம் பேசக்கூடியதை மட்டுமே பேச முடியும். "ஒரு சுரம் மட்டும் சரியில்லை என்றார்கள்" என்று சொல்வாள். பிறகு அவனைப் பார்ப்பாள். அந்தப் பார்வை நீளமானது. அதன்பின், "அதை அப்படியே விட்டுவிடுங்கள்" என்பாள். அவன் தலைவணங்கிவிட்டுப் போவான். அவ்வளவுதான் படம்.

நான் பலமுறை அடித்து அடித்து எழுதிய இடம். பம்பரத்துக்கு அது வரவில்லை. முதல் வாக்கியத்தைச் சரியாகச் சொல்வாள். பார்வை வரும் இடத்தில் ஒரு "ம்" விழும், அல்லது ஒரு பெருமூச்சு, அல்லது அடுத்த வாக்கியமே முந்திக்கொண்டு ஓடிவந்துவிடும்.

"அந்த எடத்துல சும்மா இருங்கம்மா," என்றார் இன்ஜினியர்.

"சும்மா இருக்கறதுக்கு எப்படிங்க குரல் குடுக்கறது?"

"குடுக்காதீங்க. அதத்தான் கேக்கறேன்."

மறுபடி எடுத்தோம். மறுபடியும் "ம்". அன்று படத்தை வாங்கியவரும் வந்திருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், தணிந்த குரலில் என்னிடம் சொன்னார். "ராணி நிக்கறாங்க, இவங்க குரல் ஓடுது. நாளைக்கும் வரலன்னா வேற ஆளப் பாத்துருவோம். முதல்ல இருந்து பேசவெச்சிரலாம்." உள்ளே பேச்சு கேட்டிருக்காது. ஆனால் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிப்பதுதானே அவள் தொழில். ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடப் போனேன். வீடு இரண்டாவது மாடி. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து சீட்டுக்கட்டைத் தனியாகப் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தார். இவள் நுழைந்ததும் அவர் கால்மேல் போர்வையைப் போட்டாள், ஜன்னலைச் சாத்தினாள், பாதி குடித்த தம்ளரை எடுத்துப்போய் நிரப்பி வந்தாள், முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்தாள். பெரியவர் போர்வையை எடுத்தார், ஜன்னலைத் திறந்தார், தலையணையை உருவிக் கட்டிலில் போட்டார். சண்டையில்லை. தினமும் நடப்பதுதான் என்று தெரிந்தது.

அவள் அடுப்படிக்குப் போனதும் என்னிடம் கேட்டார். "என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?"

மறைக்காமல் சொன்னேன். வேலை கைவிட்டுப் போகப் போவதையும் சொன்னேன், டீ மெஷின் பக்கத்தில் கேட்கப்பட்டதையும் சொல்லிவிட்டேன். பெரியவர் சீட்டுகளை அடுக்கினார். உள்ளே பார்த்து அவளை அழைத்தார்.

"இங்க வா. உக்காரு."

"பால் வெச்சிருக்கேன்பா."

"பொங்கட்டும். உக்காரு."

கட்டில் விளிம்பில் தொற்றிக்கொண்டாள்.

"ஒருத்தர் உன்னக் கேட்டாராமே. எனக்காக வேணாம்னியா?"

பம்பரம் என்னைப் பார்த்த பார்வையில் சாபம் இருந்தது. "உங்கள யாருப்பா பாத்துக்குவா?"

"நீ பாத்துக்கறதுலதான் எனக்கு மூச்சு முட்டுது," என்றார் அப்பா. குரலில் கோபமில்லை. "தண்ணி குடிச்சியா, மாத்திரை போட்டியா, நடந்தியா, ஏன் நடந்த. போன் அடிக்கிறப்பல்லாம் எந்திரிக்கணும். இடுப்பு உடைஞ்சு உக்காந்தவன நீ ஒரு நாளாவது உக்கார விட்டிருக்கியா? மேல் மாடிக்காரர் சீட்டாட வரேன்னு நச்சரிக்கிறாரு, நீ வந்தா விரட்டிருவியோன்னு பயப்படறாரு."

"உங்களுக்காகத்தானேப்பா..."

"எனக்காகத்தான். தெரியும். அதனாலதான் இத்தன நாள் சொல்லல."

பால் பொங்கி அடுப்பில் வழியும் வாசனை வந்தது. அவள் எழவில்லை. நான்தான் போய் அணைத்தேன். திரும்பி வந்தபோது முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வெள்ளித்திரைக்கு அவள் அழுது நான் கேட்ட அழுகை எதுவும் இந்த மாதிரி இல்லை. இதில் மூக்கு சீந்தல் அதிகம், அழகு குறைவு. பெரியவர் சமாதானம் செய்ய முயலாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையிலேயே ஒலிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். இன்ஜினியரிடம் ஒரே ஒரு கோரிக்கை. "கடைசி சீனை ரெண்டு பேரும் சேந்து பேசறோம். இன்னொரு மைக் போடுங்க." பஸ்காரர் வந்தார், எதிர் மைக்கில் நின்றார், இவளுக்கு வணக்கம் சொல்வது போலத் தலையை அசைத்தார். படத்தை வாங்கியவர் கைகட்டி நின்றார். பதிவு விளக்கு சிவந்தது.

"ஒரு சுரம் மட்டும் சரியில்லை என்றார்கள்."

திரையில் ராணி பார்த்தாள். பம்பரம் திரையைப் பார்க்கவில்லை, எதிரில் நின்றவரைப் பார்த்தாள். குதிகால்கள் தரையில் இருந்தன. இன்ஜினியரின் பலகையில் ஒலியளவு காட்டும் முள் படுத்துக் கிடந்தது. அந்த இடத்துக்கு நான் எதையுமே எழுதியிருக்கவில்லை. அவளும் எதையும் சேர்க்கவில்லை.

"அதை அப்படியே விட்டுவிடுங்கள்."

படத்தை வாங்கியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது போதும்," என்றார்.

விளக்கு அணைந்ததும் அவள் பழையபடி சுழல ஆரம்பித்துவிட்டாள். கம்மலை மாட்டிக்கொண்டே என் காதில் சொன்னாள். "அக்கா, மைக்க ஆஃப் பண்ணதும் சரின்னு சொல்லிட்டேன் அவர்கிட்ட. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லணும்னுதான் நினைச்சேன், வாய் முந்திக்கிச்சு. சொன்னத அழிச்சிட்டு இன்னொரு டேக் கேக்க முடியுமா?"

"முடியாது," என்றேன்.

"அதான் எனக்கும் தோணுச்சு."

படம் வெளியான ஞாயிற்றுக்கிழமை எங்களை அழைத்துப் போக அவர் பள்ளிக்கூட பஸ்ஸையே கேட்டு வாங்கி வந்திருந்தார். பெரியவர் வாக்கரை ஊன்றிக்கொண்டு, படிப்படியாக இறங்கி வாசல்வரை வந்தார். பஸ்ஸைச் சுற்றி நோட்டம் விட்டார். நகரப் பேருந்தில் ஓய்வுபெறும்வரை கண்டக்டராக இருந்தவராம். எனக்கு அன்றுதான் தெரியும்.

"நீங்களும் வாங்கப்பா, மெதுவா ஏத்தி விடறோம்," என்றாள்.

"எனக்குச் சீட்டாட்டம் இருக்கு. நீ போ."

அவர் பக்கத்து முன்னிருக்கையில் அவள் ஏறிக்கொண்டாள். நான் பின்னால், ஒரு சின்னப் பிள்ளைக்கான இருக்கையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். பெரியவர் உள்ளங்கையால் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தை இரண்டு முறை தட்டினார். பஸ்காரர் கியரைப் போட்டார்.

பம்பரம் சீட் பெல்ட்டை இழுத்துக் கொக்கியில் செருகினாள். அது நிற்கவில்லை. மறுபடி செருகினாள், மறுபடி கழன்றது. "அது ரிப்பேருங்க, பின்னாடி போய் உக்காந்துக்கறீங்களா?" என்றார் அவர். அவள் அந்த இருக்கையை விட்டு எழவில்லை. பெல்ட்டின் நுனியை இருக்கை ஓரத்தில் வைத்து, போய்ச் சேரும்வரை கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள்.