படிக்கட்டில் பேயை வைத்தவர்

எங்கள் அச்சகத்துக்கு வரும் எழுத்தாளர்களில் மீட்டர்காரரைப் போல ஆடம்பரமாகச் செருப்பைக் கழற்றுபவரை நான் பார்த்ததில்லை. வாசலில் ஒரு நிமிஷம் நிற்பார். இரண்டு பக்கமும் பார்ப்பார். யாராவது கவனிக்கிறார்கள் என்று உறுதியான பிறகுதான் ஒரு காலைத் தூக்குவார். மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுப்பது அவர் வேலை. பேய்க்கதை எழுதுவது அவர் பெருமை.

நான் அங்கே கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பவள். பில் புத்தகம், அழைப்பிதழ், கடைத் திறப்பு நோட்டீஸ் என்று ஓடும் வேலைக்கு நடுவே வருஷத்துக்கு ஒன்றிரண்டு புத்தகம் வரும். அவருடைய பேய்க்கதைகள் பதினெட்டையும் அடித்தது என் விரல்கள்தான். அதனால் அவரைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. கொஞ்சம் வெட்கமும் இருக்கிறது.

பதினெட்டும் ஒரே கதை. மழை பெய்யும், நாய் ஊளையிடும், கரண்ட் போகும், தலைவிரி கோலமாக வெள்ளை உடையில் ஒருத்தி வருவாள். கரண்ட் போகாத கதை ஒன்றுகூட இல்லை. "முப்பது வருஷமா சம்பளம் தர்ற ஆபீஸ் மேல இந்த மனுஷனுக்கு எவ்வளவு நம்பிக்கை பாரு!" என்று எங்கள் முதலாளி சிரிப்பார்.

முப்பது வருஷத்தில் அவர் நுழையாத வீடு கிடையாது. எந்த வீட்டில் மீட்டர் அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது, எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்தி எத்தனை மாதமாகிறது, எந்தக் கிழவர் மீட்டர்காரர் வரும் நாளுக்காகவே சட்டை மாற்றிக்கொண்டு நாற்காலியில் காத்திருப்பார், எல்லாம் அவருக்குத் தெரியும். பேச ஆளில்லாத மனிதர்கள், குறிப்பெடுக்கும் நோட்டோடு ஒருவர் வந்து நின்றால் போதும், கொட்டிவிடுவார்கள். இவ்வளவும் காதில் விழுந்தும் அவர் எழுதியது வெள்ளை உடை.

அவர் மனைவி ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார். ஒருநாள் புரூஃப் வாங்க வந்தபோது, "எப்படிக்கா இதையெல்லாம் கேட்டுட்டு இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறணும்னு சொல்வாங்க. நான் ஏறி உக்காந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சும்மா. கால்தான் மரத்துப் போச்சு" என்றார்.

ஊர் நூலகத்தில் மீட்டர்காரரைப் போலப் பத்துப் பேர் மாதம் ஒருமுறை கூடுவார்கள். தலைவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவரவர் கதையை அவரவர் வாசிப்பார்கள். அடுத்தவர் வாசிக்கும்போது தன் முறை எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். உள்ளூர் எழுத்தாளர்களின் பேய்க்கதைகளைத் தொகுத்து 'நம்மூர் நடுக்கம்' என்று ஒரு புத்தகம் போடலாம் என்பது வாத்தியாரின் யோசனை. ஆளுக்கொரு கதை. பத்தில் ஒன்றாவது 'உண்மைச் சம்பவம்' என்று இருந்தால்தான் ஜனங்கள் வாங்குவார்கள் என்றும் அவரே சொன்னார்.

"அது என் பொறுப்பு" என்று மீட்டர்காரர் கையைத் தூக்கினார்.

மூன்றாவது வாரம் கையெழுத்துப் பிரதி வந்தது. பச்சைக் கேட் போட்ட வீடு. கீழே தையற்கடை, மேலே வாடகைக்கு விட்ட போர்ஷன். அக்காவும் தங்கையும் தைத்துப் பிழைக்கிறார்கள். வீட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ள அக்கா தங்கையைப் படிக்கட்டிலிருந்து தள்ளிக் கொன்றுவிடுகிறாள். அதன்பின் ஆளில்லாதபோதும் தையல் மிஷின் தானாக ஓடுகிறது. தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'உண்மைச் சம்பவம்' என்று போடச் சொன்னார். தெருப் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றியிருந்தார். கதவு எண் அப்படியே இருந்தது.

அந்த வீட்டை எனக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்தத் தங்கை இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காலை வேளையில் துணிமூட்டையோடு இறங்கும்போது கால் தடுக்கி விழுந்தாள், அவ்வளவுதான். அதை மீட்டர்காரருக்குச் சொன்னதே அந்த அக்காதான். மீட்டர் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. டார்ச் அடித்து ரீடிங் பார்த்தவரிடம், படிக்கட்டுப் பக்கம் இருந்த மிஷினை ஏன் முன்னறைக்கு மாற்றினேன் என்று சொல்லப்போய், எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறாள். நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்திருக்கிறாள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று கிளம்பிவிட்டார் மனிதர்.

நான் அவரிடம், "சார், கதவு நம்பரையாவது மாத்திடலாமே" என்று சொன்னேன்.

"நம்பரை மாத்தினா நம்பகத்தன்மை போயிடும்மா. நீங்க எழுத்துப் பிழை மட்டும் பாருங்க" என்றார்.

பார்த்தேன். முதலாளி அவசரப்படுத்தினார், அச்சுக்குப் போய்விட்டது.

புத்தகம் வந்த மூன்றே வாரத்தில் பச்சைக் கேட் வீட்டு மாடி காலியானது. குடியிருந்தவர்கள் தங்கள் குழந்தைக்கு மிஷின் சத்தம் கேட்கிறதாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கீழேதான் அந்த அக்கா பகல் முழுக்கத் தைக்கிறாள், சத்தம் கேட்காமல் என்ன செய்யும்? பேயை நம்பாத புத்திசாலிகள் இன்னும் மோசம். அவர்கள் கொலையை நம்பினார்கள். தைக்கக் கொடுத்த துணியைப் பாதியிலேயே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டரும் போயிற்று.

ஒரு நாள் காலை அவள் அச்சகத்துக்கு வந்தாள். மணிக்கட்டில் ஊசி குத்தி வைக்கும் பஞ்சு அப்படியே இருந்தது. புத்தகத்தை விரித்து என் மேஜையில் வைத்தாள்.

"இதை அடிச்சது யாரு?"

"நான்தான்க்கா."

"அச்சுக்கு முன்னாடி படிச்சியா?"

"மூணு தடவை."

"தப்பு ஏதும் இருந்துச்சா?"

"பன்னிரண்டு எழுத்துப் பிழை. திருத்திட்டேன்."

அவள் புத்தகத்தை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நூலகத்துல இவங்க கூட்டம் என்னிக்கு?" என்று மட்டும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி என்று சொன்னேன். நானும் போனேன்.

பத்துப் பேரும் புதுச் சட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கேட்க வந்தவர்கள் ஒரு முப்பது பேர், பெரும்பாலும் அந்தப் பத்துப் பேரின் மச்சான், மருமகள் வகையறா. வாத்தியார் வரவேற்புரையை முடிப்பதற்குள் அவள் எழுந்தாள்.

"இந்தப் பச்சைக் கேட் வீட்டுக் கதையை எழுதினது நீங்கதானே சார்?"

மீட்டர்காரர் முகம் வெளுத்தது. "கதைங்கறது கற்பனைம்மா. யாரையும் குறிப்பிடறது இல்ல."

"அப்ப மேல உண்மைச் சம்பவம்னு ஏன் போட்டீங்க?"

"அது... அது ஒரு இலக்கிய உத்தி."

பக்கத்திலிருந்த கவிஞர் ஆமாம் என்று தலையாட்டினார். உத்தி என்ற சொல்லைக் கேட்டாலே அவர் தலை ஆடும்.

"சரி. அக்கா தங்கச்சியைத் தள்ளிவிடற பக்கத்தை என்னைப் பாத்துப் படிங்க" என்றாள் அவள்.

அவர் எழுந்து மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். குறைந்தபட்சம் குரலாவது தடுமாறும் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். முதல் இரண்டு வரி தடுமாறியது உண்மை. மூன்றாவது வரியில் 'இடி முழங்கியது' என்று வந்தது. அங்கே குரல் எழும்பிவிட்டது. தங்கை அலறும் இடத்தில் அலறினார். அக்கா சிரிக்கும் இடத்தில் சிரித்தார். ஒரு பக்கம் கேட்டால் நான்கு பக்கம் படித்தார். எதிரே நிற்பது யார் என்பதையே அந்த மனிதர் மறந்துவிட்டார். முடித்ததும் பின்வரிசையில் யாரோ கை தட்ட, அவர் கை கூப்பினார். கூப்பிய பிறகுதான் அவளைப் பார்த்தார்.

"குரல் நல்லா இருக்கு சார்" என்றாள் அவள். "ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு எங்க வீட்டு ரீடிங் எடுத்தீங்களே, சரியா எழுதினீங்களா?"

அவருக்கு உயிர் வந்தது. "அதுல ஒரு யூனிட் தப்பாதும்மா. முப்பது வருஷத்துல ஒரு புகார் கிடையாது."

"அப்ப உங்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

வாத்தியார் உடனே தேநீர் இடைவேளை அறிவித்தார். கணக்கு வாத்தியாருக்கு அந்த நேரத்தில் தெரிந்த ஒரே விடை அதுதான்.

மறுநாள் நான் முதலாளியிடம் போய், அந்தக் கதை இருக்கிற வரை இன்னொரு பிரதி நம் கடையிலிருந்து வெளியே போகக்கூடாது, போனால் நான் இருக்கமாட்டேன் என்றேன். அவர் முணுமுணுத்தார், ஆனால் வக்கீல் நோட்டீஸ் வந்தால் என்ன ஆகும் என்ற பயம் அவருக்கும் இருந்தது. மிச்சமிருந்த இருநூற்றுச் சொச்சம் பிரதிகளிலிருந்தும் அந்தப் பக்கங்களை நானே பிளேடால் வெட்டி எடுத்தேன். இரண்டு நாள் ஆயிற்று. மீட்டர்காரர் சும்மா இருந்தாரா? வெட்டுப்பட்ட கதையை ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, ரீடிங் எடுக்கப் போகிற வீட்டிலெல்லாம் கொடுத்தார். 'தடை செய்யப்பட்ட கதை' என்று மேலே பேனாவால் எழுதியிருந்தார்.

அதுதான் அவர் செய்த பெரிய முட்டாள்தனம். கதையைப் படித்தவர்கள், இவர் நம் வீட்டிலும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். அடுத்த மாதம் ஒரு கதவும் திறக்கவில்லை. "அங்கயே நில்லுங்க, நாங்களே பாத்துச் சொல்றோம்" என்று உள்ளேயிருந்து எண்ணைக் கத்தினார்கள். சட்டை மாற்றிக் காத்திருந்த கிழவர்கூட ஜன்னலைச் சாத்திக்கொண்டார். புகார்கள் போய், அலுவலகத்தில் அவரைப் பழைய பைல்கள் அடுக்கும் அறையில் உட்கார வைத்தார்கள்.

"ஊரே உள்ள விடமாட்டேங்குது. நான் மட்டும்தான் கதவைத் திறந்துவிட்டுட்டு இருக்கேன்" என்றார் அவர் மனைவி.

அவர் திருந்தினாரா என்று கேட்டால், இல்லை. 'பொறாமையால் வீழ்த்தப்பட்ட எழுத்தாளன்' என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, பைல் அறையில் உட்கார்ந்து பத்தொன்பதாவது கதையை எழுதி எடுத்துவந்தார். அதில் ஒரு எழுத்தாளனைப் பழி தீர்க்கும் தையற்காரி. மழை பெய்தது, நாய் ஊளையிட்டது, கரண்டும் போனது. நான் அடிக்க முடியாது என்று சொன்னேன். வேறு அச்சகம் தேடிப் போனார்.

பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் தையற்காரிக்கு ஆர்டர்கள் திரும்பி வந்தன. யாரும் வெட்கப்பட்டு வரவில்லை. வேறு கடைக்காரன் தைத்த சட்டையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. நானும் ஒரு சீட்டித் துணியோடு போனேன். அவள் அளவு மட்டும் எடுத்தாள்.

நான் அங்கே இருக்கும்போதே ஒரு நர்ஸ் மாடி போர்ஷனைக் கேட்டு வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இங்க பேய் இருக்குன்னு சொல்றாங்களே, நிஜமாக்கா?" என்று கேட்டாள்.

"இருந்தா கீழ அனுப்பு. காஜா எடுக்க ஆளில்லாம தவிக்கிறேன்" என்றாள் தையற்காரி, டேப்பைக் கழுத்தில் போட்டபடி.

சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பது அந்தத் தங்கையின் வேலையாக இருந்தது என்பது நர்ஸுக்குத் தெரியாது. சிரித்துவிட்டு மாடியைப் பார்க்கப் போனாள். மறுநாளே சாமான்களோடு வந்து சேர்ந்தாள்.