மானுக்கு மட்டும்

என்னை நம்பவைப்பது சுலபமல்ல. பால்காரர் பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்றால், ஏன் கலக்கவில்லை என்று யோசிக்கிற ரகம் நான். ஆபீஸில் எனக்கு வாய்த்த வேலையும் அப்படி. ஜனங்கள் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பங்களில் எங்கே பொய் இருக்கிறது என்று தேடுவதற்கே சம்பளம் கொடுத்தார்கள். ரிடையர் ஆனபோது சம்பளம் நின்றது, பழக்கம் நிற்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் வீடு. மணப்பாறை தாண்டி, திண்டுக்கல் சாலையிலிருந்து உள்ளே போனால் ஒரு கரடு. அந்தப் பாறைக் குன்றின் அடிவாரத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு. ஒரு கிணறு, தண்ணீர்த் தொட்டி, மோட்டார் ரூம், நாலு வேப்பமரம், வேலியோரம் நான் வைத்த அகத்தியும், ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற சவுண்டல் மரங்களும். விவசாயம் என்று சொன்னால் பக்கத்து வயல்காரர் சிரிப்பார். காலையில் டிபன் கேரியரோடு கிளம்பி, பஞ்சப்பூரில் பஸ் மாறி, மணப்பாறையில் இறங்கி, அங்கே நிறுத்தியிருக்கும் மொபெட்டில் போய்ச் சேர்வேன். பொழுது சாய்ந்ததும் திரும்புவேன். "அங்க போய் என்னதான் பண்றேள்?" என்று என் மனைவி கேட்பாள். செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறேன் என்பேன். அவளும் என்னை முழுதாக நம்புவதில்லை. அந்த விஷயத்தில் நாங்கள் பொருத்தமான ஜோடி.

இந்த வருடம் பங்குனி பிறந்ததுமே கரட்டில் இருந்த குட்டைகள் வற்றிவிட்டன. ஒரு நாள் சாயங்காலம் தொட்டியடியில் ஒரு புள்ளிமான் நின்றது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. தாய்க்கு விலா எலும்பை எண்ணலாம். குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, ஏமாந்து என்னைப் பார்த்தது. மழை வரும்வரை இந்த இரண்டையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். காட்டு விலங்குக்குத் தீனி போடக் கூடாது என்று சாலையோரம் வனத்துறை போர்டு வைத்திருக்கிறது. அந்த போர்டை நானும் படித்திருக்கிறேன். ஆனால் ஆயுசு முழுக்க அடுத்தவரின் சட்டமீறலைத் தேடிய ஆளுக்குத் தன்னுடையது கண்ணில் படாது.

முதலில் உடைத்த சோளமும் தவிடும் ஒரு தாம்பாளத்தில் வைத்தேன். மான் வருவதற்கு முன்னால் ஊரே வந்தது. மயில் பதினைந்து, கிளிக் கூட்டம், மைனா. மறுநாள் குரங்குகள் தாம்பாளத்தைக் கவிழ்த்துவிட்டு மோட்டார் ரூம் கூரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டின. மூன்றாம் நாள் பன்றி வந்து தாம்பாளம் இருந்த இடத்தையே உழுதுவிட்டுப் போயிருந்தது. மானுக்குக் கிடைத்தது வெறும் வாசனை.

பிறகுதான் மூளை வேலை செய்தது. தானியம் என்றால் எல்லாருக்கும் விருந்து. தழை என்றால் மானுக்கு மட்டும். தரையில் போட்டால் பன்றி வரும். ஆகவே அகத்தியையும் சவுண்டலையும் கொம்போடு வெட்டி, என் நெஞ்சு உயரத்துக்குத் தாழ்ந்த வேப்பங்கிளையில் கயிற்றால் கட்டினேன். தாய் கழுத்தை நீட்டினால் எட்டும். அது இழுக்கும்போது உதிர்வதைக் குட்டி பொறுக்கிக்கொள்ளும். நேரமும் முக்கியம். மயில்கள் மரமேறி, குரங்குகள் பாறைக்குப் போன பிறகு, இருட்டுவதற்கு முன்னால் அரை மணி நேரம் கிடைக்கும். அப்போதுதான் கட்ட வேண்டும். மறுநாள் போனதும் மிச்சமிருக்கும் குச்சிகளைப் பொறுக்கி அகற்றிவிடுவேன். துவாதசி அன்று ஸ்ரீரங்கத்தில் பசுவுக்குக் கொடுப்பதற்காக அகத்திக் கட்டு விற்பார்கள். அதில் நாலு கட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பசுவுக்குத் துரோகம் செய்கிறோமோ என்று கொஞ்சம் உறுத்தியது. பெருமாள் மன்னிப்பார் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாளில் தாய்க்குப் பால் ஊறிவிட்டது. குட்டி குடிக்கும்போது வாலை ஆட்டும். மோட்டார் ரூம் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு மொபெட்டைத் தள்ளிக்கொண்டே சாலைவரை நடப்பேன், சத்தம் கேட்டு அவை மிரளக் கூடாது என்று. என் கல்யாணத்தில்கூட அவ்வளவு சந்தோஷமாக இருந்தேனா என்று தெரியவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை.

ஆனால் மயில்கள் போகவில்லை. தானியத்தை நிறுத்தி மூன்று வாரம் ஆகியும், பகலில் நான் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்தால் மோட்டார் ரூமைச் சுற்றி நாலைந்து நிற்கும். அதைவிட மோசம், நாய். நாய் என்றால் மானுக்கு எமன். வேப்பமரத்தடியில் சாம்பல் தூவிவிட்டுப் போனேன். மறுநாள் காலையில் சாம்பலில் நாய்க் கால்கள். தடத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். அது மோட்டார் ரூமின் பின்பக்கம் போய், பக்கத்து வயல்காரரின் வேலியோரமாகச் சென்று மறைந்தது. எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது.

பக்கத்து வயல்காரருக்கு என் வயதிருக்கும். கிணற்றுப் பாசனத்தில் கடலை போட்டிருந்தார். அதிகம் பேச மாட்டார். அதிகம் பேசாதவர்களை நான் என்றைக்குமே நம்பியதில்லை. பகலில் அவர் வரப்பில் நின்றுகொண்டு என் மோட்டார் ரூம் பக்கமே பார்ப்பதை இரண்டு மூன்று தடவை கவனித்தேன். ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"சார், உங்க பக்கம் மயிலு ரொம்ப எறங்குதுங்க. எங்க கடலையெல்லாம் கிளறிப் போட்டுருது."

"நான் தானியமே போடறதில்லை. நல்லா வந்து பாருங்க" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

"அது தெரியுங்க. நான் அதச் சொல்லல..." என்று இழுத்தார். தலையைச் சொறிந்தார். "சரிங்க சார், வரேன்" என்று போய்விட்டார்.

அந்த இழுவையை வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தேன். மயிலுக்கு விஷம் வைக்கப்போகிறார், முன்கூட்டியே காரணம் சொல்லிவைக்கிறார் என்று முதல் நாள் தோன்றியது. இரண்டாம் நாள், மயில் ஒரு சாக்கு, மான் கறிதான் குறி என்று தோன்றியது. மூன்றாம் நாள், என்னை விரட்டிவிட்டு நிலத்தை மலிவாக வாங்கப் பார்க்கிறார் என்பதில் வந்து நின்றேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அரண்டவன் அல்ல, அனுபவஸ்தன் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் அவர் வேலியில் புதிதாக ஒரு கம்பி கட்டியிருப்பதைப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில், கரடு பக்கமாக. சுருக்குக் கம்பி! மணப்பாறைக்கு வந்ததும் வனத்துறை ஆபீஸுக்கு போன் செய்தேன். பேரைச் சொல்லவில்லை. இன்ன இடத்தில் மானுக்குச் சுருக்கு வைக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு பாரஸ்ட் கார்டு வந்து அவர் கொட்டகை, வைக்கோல் போர் எல்லாவற்றையும் கிளறியிருக்கிறார். வழியில் போனவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். நான் பார்த்த கம்பி வெறும் பழைய சைக்கிள் பிரேக் கேபிள். அதில் காலி டப்பாக்களைக் கோத்திருந்தார், பன்றி முட்டினால் சத்தம் கேட்கட்டும் என்று. நான் பார்த்தபோது டப்பா இன்னும் கட்டவில்லை. இதையெல்லாம் அவரே மறுநாள் வேலியோரம் நின்று சொன்னார்.

"யாரோ போன் பண்ணிருக்காங்க சார்" என்று முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இந்தக் காலத்துல யாரைத்தான் நம்பறது?" என்றேன். நாக்கு எனக்குக் கூசவே இல்லை.

சித்திரை கடைசியில் ஒரு காலை, காபியை வாயில் வைக்கப்போகும்போது போன் அடித்தது. அவர்தான்.

"சார், உங்க மான்குட்டி எங்க கொட்டாய்ல கெடக்கு. நாய் கடிச்சிருச்சு. சீக்கிரம் வாங்க. பாரஸ்ட்டுக்கும் சொல்லிட்டேன்."

உங்க மான்குட்டி. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், பக்கத்து வீட்டுப் பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். எடமலைப்பட்டி புதூர் தாண்டுவதற்குள், அவரே நாயை ஏவிவிட்டு அவரே போனும் செய்கிறார் என்று தீர்மானித்துவிட்டேன். மணப்பாறை வருவதற்குள், என்னென்ன கேள்வி கேட்பது என்று வரிசைப்படுத்தியும் வைத்திருந்தேன்.

குட்டி மாட்டுக் கொட்டகையில் ஈரச் சாக்கின் மேல் கிடந்தது. கழுத்தில் மஞ்சள் அப்பியிருந்தார்கள். அவர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கையில் நாய்ப் பல் பதிந்து ரத்தம் காய்ந்திருந்தது. விடியற்காலை நாலு நாய்களுக்கு நடுவிலிருந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். தாய் கரட்டுப் பக்கம் ஓடிவிட்டதாம். அந்தக் கையைப் பார்த்த பிறகும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்த நாயெல்லாம் எங்கேருந்து வருது? யாரோ பழக்காம எப்படி வரும்?"

அவர் மனைவி சொன்னார். சாணிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க வைக்கிற சோத்துக்குத்தான் வருது சார். தெனம் துவைக்கிற கல்லுல வைக்கிறீங்கள்ல? அதுக்குத்தான் மயிலும் வருது, நாயும் வருது."

"ஏய், சும்மா இரு. அது அவரு அப்பாவுக்கு வைக்கிறது" என்று அவர் அதட்டினார்.

இதுவரை அந்தச் சோற்றைப் பற்றி நான் எழுதவில்லை. மறைக்கவில்லை, எனக்கு அது நினைவிலேயே இல்லை. அப்பா போனதிலிருந்து காக்கைக்கு வைக்காமல் நான் சாப்பிட்டதில்லை. நிலத்தில் இருக்கும்போதும் அப்படித்தான். மோட்டார் ரூமுக்குப் பின்னால் துவைக்கிற கல் இருக்கிறது. டிபன் கேரியரைத் திறந்ததும் முதல் பிடியை அங்கே வைத்து, கா கா என்று கூப்பிட்டுவிட்டு வந்து சாப்பிடுவேன். ஒரு பிடி என்பது பேச்சுக்கு. என் மனைவி இரண்டு பேருக்குக் கட்டுவாள். மிச்சம் கொண்டுபோனால், ஏன் சாப்பிடவில்லை, உடம்புக்கு என்ன என்று விசாரணை நடக்கும். அதனால் மிஞ்சிய தயிர்சாதமும் அந்தக் கல்லுக்கே போகும். அமாவாசை என்றால் வடையும் சேரும். ஒரு மணி சோளம் கீழே கிடக்கிறதா என்று குனிந்து தேடிய நான், அதே இடத்தில் தினமும் அரை டப்பா சோறு வைத்தேன். அது தீனி என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவுக்கு வைப்பதை யாராவது தீனி என்பார்களா? காக்கை தின்று, மயில் கிளறி, கீழே சிந்தியதற்கு ராத்திரி நாய் வந்திருக்கிறது. சாம்பலில் பார்த்த தடமும் அந்தக் கல்லுக்குத்தான் போயிருக்கிறது. நான்தான் வேலியைப் பார்த்தேன்.

வனத்துறை வண்டி வருவதற்குள் குட்டி போய்விட்டது. கால்கள் ஓடுவதுபோல இரண்டு தடவை உதைத்துக்கொண்டன, அவ்வளவுதான். நான் அழுதேன். அவர் மனைவியின் கோபம்கூட அதைப் பார்த்துக் கொஞ்சம் தணிந்தது.

அன்று சோதனைக்கு வந்த அதே கார்டுதான் வந்தார். குட்டியைப் பார்த்தார், பக்கத்து வயல்காரரைப் பார்த்தார்.

"உங்க மேல ஏற்கெனவே ஒரு புகார் இருக்கு. இங்க யாராவது தீனி போட்டுப் பழக்குனீங்களா? உண்மையச் சொல்லுங்க."

என் வாய் திறந்தது. வேப்பங்கிளையில் முதல்நாள் கட்டிய கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பென்ஷன், கேஸ், ஸ்ரீரங்கத்தில் நாலு பேர் பேசுவது எல்லாம் ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"யாரும் போடலைங்க. தண்ணிக்கு எறங்கிருக்கும். தெருநாய் பாத்துருச்சு" என்றார் அவர். கார்டு நீட்டிய தாளில், தன் கொட்டகையில் மான்குட்டி இறந்து கிடந்ததாக, கடிபட்ட கையாலேயே கையெழுத்துப் போட்டார். அவர் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வண்டி போன பிறகு நானும் அவரும் மட்டும் நின்றோம். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். அப்போதும் குற்றத்தில் பாதியை அவர் பக்கம் தள்ளத்தான் பார்த்தேன் என்று இப்போது தெரிகிறது.

"சொல்லத்தான் சார் வேலிக்கு வந்தேன். பெத்தவருக்கு வைக்கிற சோத்தப் போயி வைக்காதீங்கன்னு எப்படிச் சொல்றது?" என்றார். பிறகு, "போனு பண்ணதும் நீங்கதான்னு தெரியும். அது போவட்டும். நான் சொல்லிருந்தா நம்பிருப்பீங்களா சார்?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர்போலத்தான் கேட்டார்.

"நம்பியிருக்க மாட்டேன்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். குட்டி கிடந்த சாக்கை எடுத்துக்கொண்டு, அலசுவதற்காகக் கிணற்றடிக்குப் போனார்.