ஒழுத் தண்ணீர் குடித்த தேக்கு

மரம் சாய்ந்து கிளம்பிய தூசி அடங்குவதற்குள் மிஹ்லார் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, அடிக்கட்டையின் மேல் சளாரென்று ஊற்றுகிறார். தோளில் கிடக்கும் துவாயால் அழுத்தித் துடைக்கிறார். ஈரத்தில் வட்டங்கள் கறுத்துத் தெரிந்ததும் குந்தியிருந்து, பட்டைக்கு உட்புறமாகச் சுட்டுவிரலை வைத்து, நடுவை நோக்கி மெல்ல நகர்த்துகிறார். கொப்புத் தறித்துக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிக் கூடுகிறார்கள். இனி நெடுநேரத்துக்கு அங்கே வேறு எவருக்கும் வாய் திறக்க இடமில்லை.

"இந்தா, இது வெள்ளம் வந்த மாரி. எவ்வளவு அகலம் பாருங்க. அங்கால நூல் மாதிரி ஒட்டிக் கிடக்கே, அந்த வருஷம் உங்கட வயல் காஞ்சிரிக்கும்."

சொறிக்கல்முனை நல்லரெத்தினத்தார் தன் வளவில் நின்ற தேக்கின் குற்றியையும் மிஹ்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த வருஷம் விதைத்ததெல்லாம் மாட்டுக்குத்தான் போனது என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அதை இந்த மனிதனுக்கு யார் சொன்னார்கள் என்பதுதான் விளங்கவில்லை. மரத்தை விற்ற கவலையை மறந்து, தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

மிஹ்லாரின் தொழில் நிற்கிற மரத்தை விலை பேசி வாங்கி, சாய்ந்தமருதில் பலகை அரிகிற மரக்காலைக்கு அனுப்புவது. இறக்காமத்திலிருந்து வினாயகபுரம் வரை அவருடைய மோட்டார் சைக்கிள் போகாத ஒழுங்கை இல்லை. வண்டியின் சத்தம் கூடுதலா, ஆளின் சத்தம் கூடுதலா என்று ஊரில் இன்னும் முடிவாகவில்லை. உரித்து வைத்த வெங்காயத்தைக்கூடக் குறுக்கே வெட்டி வட்டம் எண்ணுகிறார் என்பது அவர் மனைவியின் நெடுநாள் முறைப்பாடு. தென்னை, பனை பக்கம் அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். அவற்றின் உள்ளே வட்டமும் இல்லை, கதையும் இல்லை, வெறும் தும்புதான் என்பார்.

மற்ற மரங்களுக்குக் கதை எப்படி வருகிறது என்று கேட்டால் போதும், பட்டையை உரித்தே காட்டிவிடுவார். பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் வழுவழுவென்று ஈரமாய் ஒரு தோல் இருக்கும். மரம் பெருப்பது அந்த இடத்தில்தான். புது மரத்தை வெளிப்புறமாகவே அடுக்கிக்கொண்டு போகும். மாரி மழையில் வயிறு முட்டக் குடித்து, தளர்வாக, வெளிறிய நிறத்தில் அடுக்கும். தேக்கென்றால் மழை தொடங்கிய இடத்தில் ஊசி நுழைகிற அளவுக்குத் துளைகள் வரிசையாய் இருக்கும். கச்சான் காற்று அடித்து நிலம் வெடித்ததும் இலையைக் கொட்டிவிட்டு வேலையை நிறுத்திவிடும். நிறுத்துமுன் அடுக்கியது இறுகிக் கறுத்த கோடாய்த் தெரியும். வெளிறல் ஒன்று, கறுப்பு ஒன்று, ஆக ஒரு வருஷம். இதில் பிழைவிட இடமே இல்லை என்று மிஹ்லார் நம்பினார். ஊரும் அவரை நம்பியது.

நம்பிக்கை கூடக் கூட, மரத்துக்காக அழைத்தவர்கள் வழக்குக்காகவும் அழைக்கத் தொடங்கினார்கள். மத்தியஸ்தம் போகிற இடத்தில் மிஹ்லாருக்குக் குரல் இன்னும் ஒரு படி ஏறும். அப்படி அவர் போன வீடுகளில் ஒன்று கல்முனையில், ஹாஜறா, றுமானா என்ற சகோதரிகளுடைய வளவு.

இந்தப் பக்கத்து வழக்கப்படி வளவும் வீடும் பெண்மக்களுக்குத்தான். வாப்பா மூத்தவள் ஹாஜறாவுக்கு முன்பாதியையும் இளையவள் றுமானாவுக்குப் பின்பாதியையும் எழுதிவிட்டு மௌத்தாகிவிட்டார். இரண்டுக்கும் நடுவில் கிணறு, கிணற்றடியில் ஒரு தேக்கு. தான் பிறந்த வருஷம் வாப்பா தன் வீட்டுக் கதவுக்கென்று நட்ட மரம் அது என்றாள் றுமானா. சின்ன வயதில் அவளை மரத்தடியில் நிறுத்தி, தலை உயரத்தைக் கையால் அளந்து, "இது உன்ட கதவுகா" என்று அவர் சொல்லுவாராம். அக்காவுக்கு அப்படி ஒன்றும் ஞாபகமில்லை. தனக்கு அறிவு தெரிந்த நாளிலிருந்து மரம் அங்கேயே நிற்கிறது, காணியை வாங்கும்போதே நின்ற மரமாகத்தான் இருக்கும், நிற்பதும் தன் பக்கத்தில்தானே என்றாள். தங்கச்சியின் வயதும் மரத்தின் வயதும் ஒன்றென்றால் முழு மரத்தையும் அவளே எடுக்கட்டும் என்று ஹாஜறாவே சொன்னாள். மரத்தை வெட்டி எண்ணிச் சொல்ல மிஹ்லார் வந்தார்.

அன்றைக்கும் வாளித் தண்ணீர், துவாய், சுற்றிலும் சனம். வட்டங்கள் றுமானாவின் வயதைத் தாண்டி, அவளுடைய உம்மாவின் கலியாணத்தையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. மிஹ்லார் எழுந்து நின்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு றுமானாவைப் பார்த்துச் சொன்னார்: "மகள், மனிசன் பொய் சொல்லுவான். மரம் சொல்லாது."

அந்த ஒரு வாக்கியம் ஒழுங்கை முழுக்க நடந்தது. மௌத்தான மனிதனின் பேரில் கதை கட்டியவள் என்று பெண்கள் றுமானாவைப் பற்றிக் கதைத்தார்கள். தேக்கு ஹாஜறாவின் முன்கதவாயிற்று. கிணற்றடியில் மதில் எழும்பிற்று. பெருநாளைக்கு அக்கா வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டும் நின்றுவிட்டது. மிஹ்லார் இதையெல்லாம் கேள்விப்பட்டார். வருத்தப்பட்டார் என்று சொல்ல முடியாது, உண்மை கசக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்.

பிறகு அவருடைய ஊர்ப் பள்ளிவாசலில் பெண்கள் தொழும் பக்கத்தைப் பெருப்பிக்கிற வேலை வந்தது. வளவில் நின்ற இரண்டு தேக்குகளையும் வெட்ட மிஹ்லாரைக் கூப்பிட்டார்கள். ஒன்று, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒழு எடுக்கும் தொட்டியான ஹவுழுக்குப் பக்கத்தில், அதன் கழிவுக் கானின் ஓரத்தில் நின்றது. மற்றது தூரத்தில், மௌத்தானவர்களை அடக்கும் மையவாடியின் மூலையில், வெறும் மணலில் நின்றது. சுனாமிக்குப் பிறகு பள்ளியைத் திருத்திக் கட்டிய வருஷம் வைத்த கன்றுகள் இரண்டும். வைத்தவர் உதுமாலெவ்வை மோதினார். வாங்கு சொல்லுவதும் வளவு கூட்டுவதும் இன்றைக்கும் அவர் வேலைதான்.

மையவாடி மூலைத் தேக்கை முதலில் எண்ணினார். கணக்கு அச்சொட்டாக வந்தது. வழக்கம்போல் நாலு பேருக்குக் கேட்கச் சொல்லிவிட்டு ஹவுழடிக்கு வந்தார். தண்ணீர் ஊற்றி, துடைத்து, விரலை வைத்தார். நடுவை எட்டுமுன்னே சுனாமி வருஷத்தைத் தாண்டிவிட்டார். விரல் நின்றது. எங்கேயோ தடுமாறிவிட்டதென்று நினைத்து மறுபக்கத்திலிருந்து எண்ணினார். அதே கணக்குத்தான் வந்தது. மரம் நட்ட நாளுக்கும் அப்பால், கன்று மண்ணிலேயே இல்லாத காலத்திலும் வட்டங்கள் இருந்தன.

இது வேறு எங்காவது பெருத்த மரத்தைக் கொண்டுவந்து நட்டதா என்று மோதினாரிடம் கேட்டார்.

"உனக்கென்ன விசரா மிஹ்லார்? ரெண்டும் என்ட கையால, ஒரே நாள் அசறுத் தொழுகைக்குப் பொறகு நட்டது. ரெண்டும் முழங்கால் உசரம் இல்ல."

மோதினார் அத்தோடு நிறுத்தவில்லை. அந்த மரத்தால் தான் பட்ட பாட்டைச் சொல்லத் தொடங்கினார். மூலைத் தேக்கு வருஷத்துக்கு ஒரு தரம் இலை கொட்டும், கூட்டி அள்ளினால் முடிந்தது. இந்த ஹவுழடித் தேக்கு அப்படியில்லை. மற்ற நாட்களில் ஆட்கள் வீட்டிலேயே ஒழு எடுத்துக்கொண்டு வருவதால் கான் காய்ந்து கிடக்கும். நோன்பு மாசம் பிறந்தால் இரவும் பகலும் சனம், தண்ணீர் கானை நிறைத்து வேரடியில் தேங்கும். பிறைக் கணக்கில் நகர்கிற நோன்போ அந்தக் காலத்தில் வருஷா வருஷம் கச்சானுக்குள்தான் வந்தது. மூலை மரம் மொட்டையாய் நிற்க, இது மட்டும் மாரி வந்துவிட்டதென்று நினைத்துத் துளிர்த்துவிடும். பெருநாள் முடிந்து தண்ணீர் நின்றதும் திரும்பவும் எல்லாவற்றையும் கொட்டும்.

"ஒரு வருஷத்துக்கு ரெண்டு தரம் கூட்ட வெச்ச மரம் இது" என்றார் மோதினார்.

மிஹ்லார் குற்றியின் மேல் மூக்கு முட்டக் குனிந்தார். இப்போதுதான் கண்ணுக்குப் பிடிபட்டது. ஒன்றுவிட்டு ஒரு கோடு மங்கலாய் இருந்தது. அந்த மங்கல் கோடுகளை அடுத்து ஊசித் துளைகளின் வரிசை இல்லை. மரம் வருஷம் பார்த்துக் கோடு கீறவில்லை. குடித்துவிட்டு நிறுத்தும்போதெல்லாம் கீறியிருக்கிறது. மாரிக்கு ஒரு தரம், ஒழுத் தண்ணீருக்கு ஒரு தரம். எத்தனையோ வருஷமாய் ஊர் ஊராய்ப் போய்ச் சத்தம் போட்டுச் சொன்ன கணக்கு, தண்ணீர் கிடைத்த இடத்தில் பிழைத்துப்போகும் கணக்கு என்பது அவருக்கு அந்தக் கணத்தில் விளங்கிற்று. யாரோ தேத்தண்ணியை நீட்டினார்கள், வாங்கத் தோன்றவில்லை.

ஏனென்றால் இந்த மங்கல் கோடுகளை அவர் முன்பே பார்த்திருந்தார். றுமானாவின் கிணற்றடியில், இதே மாதிரி, ஒன்றுவிட்டு ஒன்று. மங்கலையும் சேர்த்து எண்ணிக்கொண்டே போயிருந்தார். கிணற்றுக்குப் பக்கத்தில் பெரிய சீமெந்துத் தொட்டி ஒன்று இருந்ததும் கண் முன்னே வந்தது. அவர்களுடைய வாப்பா இறக்காமத்தில் வயல் செய்த மனிதர். ஆவணியில் வெட்டு முடிந்ததும் நெல்லை அந்தத் தொட்டியில் ஊறப்போட்டு அவித்து விற்பார். காய்ந்த கோடையில், நாள் தவறாமல், தொட்டி தொட்டியாய் அந்த ஊறல் தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று மிஹ்லாருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குற்றிகளை ஏற்றிவிடச் சொல்லிவிட்டு நேரே கல்முனைக்குப் போனார். வண்டியை ஒழுங்கை முகப்பிலேயே நிறுத்தினார். ஹாஜறாவின் முன்கதவைக் கடந்துதான் பின்வீட்டுக்குப் போகவேண்டும். தேக்கின் மேல் பூசிய எண்ணெய் வெயிலில் பளபளத்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார். ஊர் முழுக்கச் சொன்ன ஒன்றைப் பிழை என்று ஒரு வாசலில் நின்று எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

றுமானா குசினி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு எழுந்தாள். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. மிஹ்லார் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்து மணலில் நின்றபடியே தொடங்கினார். பள்ளித் தேக்கு, நோன்புத் தண்ணீர், மங்கல் கோடு என்று முன்னும் பின்னுமாக உளறிக் கொட்டினார். கடைசியில், நெல் ஊறப்போட்ட தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள் என்று கேட்டார்.

"கிணத்தடி மரத்துக்குத்தான். வேற எங்க ஊத்துற?"

"அப்ப அந்த மரம் வருஷத்துக்கு ரெண்டு வட்டம் போட்டிரிக்கி, மகள். நான் எண்ணினதில பாதிதான் அதுட வயசு. உன்ட வயசுதான். நான் பிழையாச் சொல்லிட்டன்."

மீன் கழுவிய கையோடு அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். ஏசப்போகிறாள் என்று மிஹ்லார் எதிர்பார்த்தார். ஏசினால் நல்லதென்றுகூட விரும்பினார். பொய்க்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு இத்தனை காலம் இந்த ஒழுங்கையில் நடந்தவள், அந்தப் பேரைப் பற்றி முதலில் கேட்பாள் என்றுதான் நினைத்தார்.

"அப்ப வாப்பா எனக்குப் பொய் சொல்லல்லயா?" என்றாள் றுமானா.

மிஹ்லாருக்கு முதலில் விளங்கவில்லை.

"மனிசன்தான் பொய் சொல்லுவான், மரம் சொல்லாது எண்டு நீங்க சொன்னீங்க காக்கா. நான் பொய் சொல்லல்ல எண்டு எனக்குத் தெரியும். அப்ப பொய் சொன்னவர் வாப்பாதான் எண்டு நினைச்சிட்டன். அழுற புள்ளய ஆத்துறதுக்கு வாயில வந்தத்தச் சொல்லியிரிக்காரு எண்டு. அந்த நாளோட அவர்ட பேருல யாசீன் ஓதுறதயும் விட்டுட்டன்."

கதவு போனதும், பேர் கெட்டதும், மதில் எழும்பியதும் மிஹ்லாருக்குத் தெரிந்த நட்டங்கள். இது அவர் கணக்கில் இருக்கவே இல்லை. தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல், மையவாடியில் கிடக்கிற ஒரு வாப்பாவை அவர் பெற்ற மகளிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறது. இறக்காமம் வரை கேட்கும் என்று சனம் பகிடி பண்ணுவது அவருடைய குரலைத்தான். இல்லை, அவர் பொய் சொல்லவில்லை என்று தலையை மட்டும் அசைத்தார்.

றுமானா கையைத் துடைக்கவும் இல்லை. மதிலுக்குப் போய், செங்கல்லின் மேல் ஈரக் கையை வைத்துக்கொண்டு, வருஷக்கணக்காய்க் கூப்பிடாத அக்காவைக் கூப்பிட்டாள்.

"ராத்தா, வாப்பா பொய் சொல்லல்லயாம்."

மதிலுக்கு அந்தப் பக்கத்தில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. யாரோ எதையோ இழுத்துப் போட்டு ஏறுகிற ஓசை கேட்டது. சாம்பல் பூசிய விரல்கள் மதிலின் மேல் வந்து விளிம்பைப் பற்றின.

மிஹ்லார் மணலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டவில்லை. அது சத்தம் போடும். இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு, வேலி ஓரமாக, வெறுங்காலோடு வெளியே போனார்.