பில்லை பில்லையாய் வந்த கல்

ஓடிப்போனாள் என்று எதிர்வீட்டுத் தையல்காரி சொல்லிக்கொண்டு திரிகிறாளே, அது பொய். என் மருமகள் ஓடவில்லை, நடந்துதான் போனாள். குடித்த தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, செருப்பு வாரை நிதானமாக மாட்டிக்கொண்டு போனாள். ஓடுகிறவள் தம்ளர் கழுவுவாளா?

அவளுக்குச் சுரங்கத்தில் வேலை. பூமிக்கடியில் பாறை எவ்வளவு நெருக்குண்டு கிடக்கிறது என்று அளப்பாள். பாறையில் துளை போட்டு, உள்ளே கட்டைவிரல் அளவு கருவியை ஒட்டுவாள். பிறகு அதைச் சுற்றி வட்டமாகக் குடைந்து அந்தத் துண்டை விடுவிப்பார்கள். விடுபட்ட கல் மயிரிழை விரியும். இறுக்கிக் கட்டிய பாவாடை நாடாவை அவிழ்த்தால் வயிறு மூச்சு விடுகிறதே, அந்த மாதிரி. விரிந்த அளவை வைத்து அழுத்தத்தைச் சொல்லிவிடுவாள்.

புதுப் பாதையில் ஒன்பது முறை குடைந்தாள். ஒரு முறைகூடக் கல் முழுசாக வரவில்லை. பிஸ்கட் அடுக்கியதுபோல் பில்லை பில்லையாக உடைந்து வந்தது.

"அழுத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருந்தா இப்படித்தான் வரும் அத்தை. அங்க ஆளு இறங்கவே கூடாது" என்றாள்.

இறங்கப்போகிற நாற்பது பேரில் என் மகனும் ஒருவன்.

கல் முழுசாக வந்தால்தான் எண் கிடைக்கும். காலிக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் ஏற்காது என்று குமாஸ்தா ஒன்பது கட்டத்திலும் பூஜ்யம் போட்டான். பூஜ்யம் என்றால் அழுத்தமே கிடையாது. இருப்பதிலேயே பத்திரமான பாதை என்று பலகை மாட்டி, அவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரமும் பரிசு கொடுத்தார்கள்.

பாதையைத் திறக்க அவள் கையெழுத்து மட்டும் பாக்கி. அதை வாங்க மேலாளரே வீட்டுக்கு வந்தார். மேசைமேல் கிடந்த பில்லையில் டீத் தம்ளரை வைத்தார்.

"அழகா இருக்கே, எங்க வாங்கினீங்க?"

"உங்க சுரங்கத்துலதான் சார்."

தம்ளரை மெதுவாகக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு நம்பர் குடுங்கம்மா, நானே பாதையை மூடிடறேன்."

"அளக்க முடியாத அளவுக்கு இறுக்கம்னுதானே சார் சொல்றேன்."

"அளக்க முடியலைன்னா இல்லைன்னுதானே அர்த்தம்? மாட்டேன்னு எழுதிக் குடுங்க, வேற ஆளைப் போட்டுக்கறேன்."

"கையெழுத்தைப் போட்டுத் தொலையேன். கடிகாரம் வேற வாங்கிட்டே" என்றான் என் மகன்.

"நீ வாயை மூடுடா. உன் தலைமேலதான் விழப்போகுது" என்றேன்.

மறுநாள் அவள் விதிப்புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கையெழுத்துப் போட மறுத்தால் வேறு ஆளைப் போடலாம். விடுப்பில் போனால், திரும்பி வரும்வரை அவர்கள் பாதையைத் திறக்காமல் காத்திருந்தே ஆகவேண்டும். பதினோரு வருஷத்தில் எடுக்காத விடுப்பு நூற்றுப் பதினாலு நாள் சேர்ந்திருந்தது. அத்தனையும் கேட்டு விண்ணப்பித்தாள். காரணம் என்கிற கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது.

"அதுக்குள்ள இந்தப் பில்லையைப் பாத்தாலே புரியிற ஆபீசர் ஒருத்தரையாவது பிடிச்சிடுவேன் அத்தை."

"எங்க போறே?" என்று மகன் கேட்டான்.

"உன்கிட்ட சொன்னா நீ அவங்களுக்கு எழுதிக் குடுத்துடுவே."

போகிற ஊரை என் காதில் மட்டும் சொன்னாள். எனக்கு எழுதத் தெரியாது. வாயால் சொல்வதை வாங்கிக்கொள்ள அந்த அலுவலகத்தில் கட்டம் கிடையாது.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பில்லைகள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. தையல்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.