டேப் டிரைவுக்கு வைத்த பொட்டு

எனக்கு வாய் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். பொய்யில்லை. கம்பத்திலிருந்து தேனிக்கு வரும் பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை, கேண்டீனில் ஆறிப்போன டீக்குச் சண்டை, யுபிஎஸ் கம்பெனிக்காரனோடு போனில் சண்டை. அப்படிப்பட்டவள் ஒரு நாள், ஒரு வாக்கியம் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில், வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஸ்கேன் எடுக்கும் படங்கள் எல்லாம் ஒரு சர்வரில் வந்து சேரும். வெள்ளிக்கிழமை தோறும் சர்வரில் இருப்பதையெல்லாம் ஒரு டேப்பில் நகலெடுத்து, அந்த டேப்பை மருந்துக்கடைக்குப் பின்னால் உள்ள இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். டேப் என்றால் பழைய பாட்டுக் கேசட்டைக் கொஞ்சம் தடியாக்கினது மாதிரி, உள்ளங்கை அகலம் இருக்கும். மொத்தம் நான்கு. வாரம் ஒன்றாகச் சுற்றி வரும். ஐந்தாம் வாரம், முதல் டேப்பின் மேலேயே மறுபடி எழுத வேண்டியதுதான்.

டேப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஆறேகால் டெராபைட் என்று போட்டிருக்கும். அதற்கடியில் பொடி எழுத்தில் இரண்டரை. பெரியது, தகவலைச் சுருக்கி எழுதினால் கொள்ளும் அளவு. சின்னது, சுருக்காமல். எங்கள் நிர்வாகி பாங்கில் ரிட்டயர் ஆனவர், பெரிய எழுத்தை மட்டும்தான் படிப்பார்.

"ஆறேகால்னு போட்டிருக்கான். நீ என்னம்மா ரெண்டரைங்கிறே?"

"சார், ஸ்கேன் மெஷினே படத்தைச் சுருக்கித்தான் அனுப்புது. பிழிஞ்ச துணிய மறுபடி பிழிஞ்சா தண்ணி வருமா?"

அது அவருக்குப் புரிந்தது. எங்களிடம் இருந்ததோ இரண்டு டெராபைட்டும் கொஞ்சமும். இரண்டரைக்குள் தாராளமாக அடங்கிக்கொண்டிருந்தது.

சர்வர் அறையைப் பெருக்கித் துடைப்பது ஒரு அக்கா. குச்சனூர்க்காரர். வீட்டுக்காரர் லோயர் கேம்பிலிருந்து மலைக்கு ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் டிரைவர். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் வருவார். நான் ஷூவோடு உட்கார்ந்திருப்பேன், அதைப் பார்த்து ஒரு முறைப்பு முறைப்பார். எனக்குத் தினமும் பாதி ஆரஞ்சோ ஒரு கொத்துத் திராட்சையோ கொண்டுவந்து மேஜையில் வைப்பார். "தின்னு ஆத்தா, கத்திக் கத்தித் தொண்ட வறண்டு கெடக்கு" என்பார்.

அந்தப் புரட்டாசியில் அக்காவுக்கு இருமல் விடவே இல்லை. ஆஸ்பத்திரி ஆள் என்பதால் நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இலவசம், அதனால் பிலிம் போடவில்லை, ரிப்போர்ட்டும் அடிக்கவில்லை. டாக்டர் திரையில் பார்த்து வாயால் சொன்னதோடு சரி. வெளியே வந்த அக்கா நேராக என்னிடம்தான் வந்தார்.

"நெஞ்சுக்குள்ள சின்னதா ஒரு கட்டி தெரியுதுன்னு சொன்னாக. மூணு மாசங் கழிச்சு இன்னொரு படம் எடுத்து, இதையும் அதையும் பக்கத்துல வச்சுப் பாப்பாகளாம். வளரலன்னா விட்றலாமாம். வளந்திருந்தா மதுரைக்குப் போகணுமாம்." சொல்லிவிட்டுச் சர்வரைக் கை காட்டினார். "ஏத்தா, என் படம் இதுக்குள்ளதான இருக்கு?"

"இதுக்குள்ளதான் இருக்கு. டேப்லயும் இருக்கும். எங்கயும் போகாது, பயப்படாதீக" என்றேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஆயுத பூஜை. மற்ற வருஷங்களில் மேஜைக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு பொட்டு வைப்பதோடு முடிந்துவிடும். இந்த வருஷம் அக்கா சர்வர் அறைக்குள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். முந்தானையில் குச்சனூர்க் கோயில் திருநீறு ஒரு பொட்டலம். சர்வருக்குப் பட்டை போட்டார். நான்கு டேப்புக்கும் போட்டார். பிறகு டேப் டிரைவின் முன் நின்றார்.

"இதுதான எழுதுற மெஷினு? இங்கன வைக்கட்டா?"

டிரைவுக்குத் தூசி ஆகாது. அதற்குள்ளே டேப்பை உரசி எழுதும் முனை மயிரிழையை விடப் பொடிசு. அது எனக்குத் தெரியும். ஆனால் நான் வேதக்கார வீட்டுப் பெண். எங்கள் ஊரில் நாலு தலைமுறையாக மாதா கோயில் மணி கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சாமி காரியத்தில் வேதக்காரப் பிள்ளை குறுக்கே விழுந்தாள் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால்? வாசலில் பொரி கடலையோடு ஆஸ்பத்திரியே நிற்கிறது. அக்கா கண்களில் தண்ணீர். நான் தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டினேனா, சும்மா நின்றேனா என்றுகூட இப்போது நிச்சயமில்லை.

டிரைவின் முகப்பில் கனமாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். டேப் நுழையும் வாயில் ஒரு சிட்டிகைத் திருநீறு. "எம் படத்தப் பத்திரமா வச்சுக்க சாமி" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நகலெடுத்து முடியும் முன்னாலேயே டேப் நிறைந்துவிட்டது. இரண்டாவது டேப் கேட்டு நின்றது. எனக்கு உடனே தோன்றியது கம்ப்ரஷன்தான். ஏற்கெனவே சுருங்கிய படத்தை மென்பொருள் ஒரு தடவை, டிரைவ் ஒரு தடவை சுருக்கப் பார்த்தால் சில சமயம் அளவு குறைவதற்குப் பதில் கூடும். மென்பொருளில் சுருக்கத்தை நிறுத்தினேன். அடுத்த வாரமும் நிறைந்தது, இன்னும் சீக்கிரமாக. டிரைவில் நிறுத்தினேன். மறு வாரம் டிரைவில் போட்டு மென்பொருளில் எடுத்தேன். தகவலைப் பூட்டி எழுதும் வசதியைக் கழற்றினேன். டேப் அதே மாதிரி பாதி வழியில் வாயைப் பிளந்தது. அறைக்குள் தனியாக உட்கார்ந்து நான் பேசிய கெட்ட வார்த்தைகளுக்கு அளவில்லை.

மதுரையில் உள்ள சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் போட்டேன். "மேடம், டிரைவ் முன்னாடி மஞ்சள் லைட் ஏதும் எரியுதா?" என்று கேட்டார்.

"இல்ல சார். பச்சை மட்டுந்தான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"எனக்குக் கண்ணு இருக்கு சார்! கம்ப்ரஷனப் பத்திக் கேட்டா நீங்க லைட்டப் பத்திப் பேசுறீங்க?"

மனுஷர் போனை வைத்துவிட்டார். வைக்காமல் என்ன செய்வார்.

கூட டேப் வாங்கித் தரச் சொல்லி நிர்வாகியிடம் கேட்டேன். "மொதல்ல கம்ப்ரஷனச் சரி பண்ணும்மா" என்றார். அந்த வார்த்தையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அதனால் டேப் நிறைந்தால் அதோடு முடித்துக்கொள் என்று மென்பொருளுக்குச் சொல்லிவைத்தேன். வருஷம், மாதம் என்று வரிசையாக எழுதும், ஆகவே விட்டுப்போவது கடைசி மாதங்கள். புது மாதத்தை முதலில் எழுது என்று மாற்ற ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். எப்படியும் அடுத்த வாரம் சரியாகிவிடும் என்ற திமிரில் அதைச் செய்யவில்லை. அறிக்கை ஒவ்வொரு வாரமும் 'முழுமையில்லை' என்றே வந்தது. அக்கா தினமும் பெருக்க வந்தார். "எம் படம் இருக்குல்ல?" என்று கேட்பார். "இருக்கு" என்பேன். சர்வரில் இருந்தது உண்மைதான்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை சர்வர் அறையின் ஏசி நின்றுபோனது. காலையில் நான் கதவைத் திறந்தபோது உள்ளே அடுப்படி மாதிரி இருந்தது. மூன்று டிஸ்க் ஒரேயடியாகப் போயிருந்தன. புது டிஸ்க் போட்டு டேப்பிலிருந்து திருப்பி எடுக்க மூன்று நாள் ஆயிற்று. பழைய வருஷங்கள் எல்லாம் வந்தன. ஆவணி வந்தது. அதோடு நின்றது. நான்கு டேப்பையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஸ்கேன் மெஷின் தன்னிடம் ஒரு மாதப் படங்களைத்தான் வைத்திருக்கும், அதில் கார்த்திகை வந்தது. புரட்டாசி எங்கேயும் இல்லை.

டிரைவின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே அந்தச் சந்தனப் பொட்டு, காய்ந்து வெடித்திருந்தது. சாமிக்கு வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை, அதுவாக உதிரவேண்டும் என்று விட்டுவிடுவார்கள். நான் அதைத் தொடக்கூட யோசித்ததில்லை. ஏதோ ஒரு வெறியில் நகத்தால் சுரண்டினேன். பொருக்கு ஒன்று விழுந்தது. அதற்கு அடியில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

'என்னைச் சுத்தம் செய்' என்று சொல்லும் விளக்கு அது. எழுதும் முனை அழுக்கானால் டிரைவ் எழுதியதைச் சரியாகப் படிக்க முடியாது, அதே துண்டைத் தள்ளிப்போய் மறுபடி எழுதும், மறுபடியும் எழுதும். டேப் அப்படியே தீர்ந்துபோகும். கம்ப்ரஷனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மென்பொருளின் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவில் அந்த எச்சரிக்கையும் வாராவாரம் இருந்திருக்கிறது. நான் கம்ப்ரஷன் என்று தேடி, அந்த வரிகளை மட்டுமே படித்திருக்கிறேன். துடைக்கும் டேப்பைப் போட்டேன். இரண்டு நிமிஷ வேலை. விளக்கு அணைந்தது.

மறுநாள் அக்காவுக்கு இரண்டாவது படம் எடுத்தார்கள். டாக்டர் பழையதைத் தேடிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இல்லை என்றேன். தினமும் எத்தனையோ பேர் நெஞ்சைப் பார்க்கிறேன், அன்றைக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று எனக்கு நினைவில்லையே என்றார் அவர். அக்காவிடம், "வளந்துச்சா இல்லையான்னு என்னால சொல்ல முடியல. இப்பவே மதுரையில ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாத்துரலாம். இல்லைன்னா இன்னும் மூணு மாசம் பொறுத்துப் பாக்கலாம்" என்றார். நெஞ்சில் ஊசியா என்று பயந்து அக்கா மூன்று மாதம் என்றார்.

வெளியே வராந்தாவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, படம் போச்சு. என் தப்புதான்" என்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"நீ என்னத்தா செய்வே. ஏசி நின்னா நீயா பொறுப்பு?" என் கையைத் தட்டிக்கொடுத்தார். "எல்லாம் என் அவசரம். அன்னைக்கு துன்னூற ஒரு சிட்டிக தான் போட்டேன். இன்னுங் கொஞ்சம் நெறயப் போட்டிருக்கணும்."

நான் மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன்.

பங்குனியில் எடுத்த படத்தையும் மார்கழிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கட்டி வளர்ந்திருப்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. மதுரைக்குப் போனார்கள். வைகாசியில் ஒருநாள் மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்த அக்கா சர்வர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். ஆடியில் இறந்துபோனார். புரட்டாசிப் படம் இருந்து, மார்கழியிலேயே போயிருந்தால் பிழைத்திருப்பாரா? டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் நான் தூங்கவேண்டியிருக்கிறது.

டேப் இப்போது ஒழுங்காக எழுதுகிறது. அக்காவின் மார்கழிப் படம், பங்குனிப் படம் எல்லாம் நான்கு டேப்பிலும் பத்திரமாக இருக்கின்றன.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. அக்காவின் இடத்தில் புதிதாக வந்தவர் சந்தனக் கிண்ணத்தோடு சர்வர் அறைக்குள் நுழைந்தார். "மெஷின் மேல வேண்டாங்க, தூசி போனா கெட்டுப்போயிரும்" என்றேன்.

"அப்படியா? சரி மேடம்" என்று சொல்லிவிட்டு, கதவில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.