சுவருக்கு உள்ளே பால்ராஜ் அண்ணன்

உத்திரமேரூரில் என் வெல்டிங் கடையில் ஒரு இரும்பு கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது மேரி அண்ணி செல்போனில் கூப்பிட்டார். "சாமுவேலு, உங்க அண்ணன் பூட்டாருப்பா. நாஷ்டா துன்னுகினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு." வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அழுகை வரவில்லை.

இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். கூடப் பிறக்காவிட்டாலும் நான் அண்ணன் என்றே அழைத்த பால்ராஜுக்கு அந்தச் சலுகையை நான் தரப்போவதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையில் படித்துவிட்டு, ஒரு வெளிநாட்டு கேசட்டோடு ஊர் திரும்பினார். அதில் யாரோ வெள்ளைக்காரப் பையன்கள் ஏசுவின் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினார்கள். "இதுக்குப் பேரு பங்க். சுருதி கீதோ இல்லியோ, கோவம் கீதா, அது போதும்" என்றார். அவர் கிட்டார், நான் டிரம்ஸ், அண்ணி குரல். குழுவுக்கு 'இடிமுழக்கம்' என்று பெயர் வைத்தோம்.

எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் உண்டு. அண்ணனுடைய சாதியார் உள்ளே. நாங்கள் வெளியே, ஏரிப் பக்கம். ஐப்பசி மழையில் என் அப்பாவைப் புதைத்தபோது குழியில் தண்ணீர் ஊறிப் பெட்டி மிதந்தது. அண்ணன் என் தோளைப் பிடித்தபடி சேற்றில் நின்றார். அந்த வாரமே பாட்டு எழுதினார்: "கல்லறைச் சுவரை இடி, கர்த்தாவே." கிறிஸ்துமஸ் ஆராதனையில் அதைக் கத்தினோம். போதகர் மைக்கைப் பிடுங்கினார். அண்ணனை அவருடைய அப்பாவே வீட்டை விட்டு விரட்டினார். "போனா போவுது. ஏசுவையும் ஊருக்கு வெளியதான் சிலுவையில அறைஞ்சாங்க" என்று அண்ணன் சிரித்தார். அன்று அவருக்காக உயிரையே கொடுத்திருப்பேன்.

சபை எங்களுக்குக் கதவடைத்தது. வயிற்றுப்பாடு ஆளுக்கொரு பக்கம் இழுத்தது, குழு கலைந்தது. பல வருடம் கழித்து, "மறுபடியும் ஒரு ஆல்பம் போடலாம், வாடா" என்றார். கடையைப் பூட்டிவிட்டுக் காஞ்சிபுரம் ஸ்டுடியோவுக்கு ஓடினேன். கை கொப்பளிக்க வாசித்தேன்.

சி.டி.யை வெளியிட்டது எங்களை விரட்டிய அதே சபை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். என் டிரம்ஸ் இருந்த இடத்தில் கீபோர்டு தாளம். பாட்டு, "என் உள்ளத்துச் சுவரை இடி" என்று மாறியிருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். சபையார் கையை உயர்த்திக் கண்ணீர் விட்டார்கள். உள்ளத்துச் சுவரை இடிக்கக் கடப்பாரை தேவையில்லையே.

"இன்னாண்ணே இது?" என்றேன்.

"கமிட்டி ஒத்துக்கலடா. பாட்டாவது உள்ள போவுதுல்ல."

"பாட்டு உள்ள போயி இன்னா பண்றது? எங்கப்பா வெளிய கீறாரு."

அன்றோடு எங்கள் பேச்சு முடிந்தது. பிறகு அவரும் கமிட்டியில் ஒருவரானார்.

அடக்கத்தன்று நான் உள்ளே போகவில்லை. சுவருக்கு இப்பால், அப்பாவின் பக்கத்தில் நின்றேன். உள்ளே 'உள்ளத்துச் சுவரை' உருக்கமாகப் பாடினார்கள். நான் பழைய வரியைப் பழைய குரலிலேயே கத்தினேன். போதகர் சுவருக்கு மேலாக என்னை முறைத்தார். மண் போட வந்த மேரி அண்ணி கையிலிருந்த மண்ணோடு என் பக்கம் திரும்பினார். அவரும் கத்தினார்: "கல்லறைச் சுவரை இடி." உள்ளே பாட்டு நின்றது. தாலி இழந்தவளின் வாயைப் பொத்த எவருக்கும் தைரியம் வரவில்லை.

அண்ணே, காய்ந்த நல்ல மண்ணில் படுத்திருக்கிறீர்கள், உறங்குங்கள். இறந்தவர்கள் எழும்ப எக்காளம் ஊதும் நாளில் நேராகப் பரலோகம் போய்விடாதீர்கள். முதலில் அந்தச் சுவரேறிக் குதித்து வந்து, சேற்றிலிருந்து என் அப்பாவைக் கைகொடுத்துத் தூக்குங்கள். அவர் நல்ல மனிதர், உங்களை மன்னித்துவிடுவார். என்னிடம் மட்டும் கேட்காதீர்கள்.