கோமுகம் போன ஏலவார்குழலி

ஏலவார்குழலிக்கு நாற்பத்தொன்பது வயது. பிள்ளையார்பாளையத்தில் வீட்டோடு இரண்டு பட்டுத் தறி. ஒன்றில் புருஷன் கைலாசம், இன்னொன்றில் இவள். பனிப்பாறையின் அடியிலிருந்து கங்கை புறப்பட்டு வருவதைப் போனில் பார்த்த அன்றே அங்கே போவதென்று முடிவு கட்டிவிட்டாள்.

நாத்தனார் காவேரியும் வருகிறேன் என்றாள். ஆனால் அவள் போட்ட திட்டத்தில் பத்து நாளில் பதினோரு ஊர்.

"பஸ்லயே உக்காந்துக்கினு எல்லாத்தையும் ஜன்னல் வழியா பாக்கவா அவ்ளோ தூரம் போறோம்?" என்று கேட்டுவிட்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஏலவார்குழலி புதிதாக எழுதினாள். ஹரித்வார் ஒரு நாள். கங்கோத்ரி இரண்டு நாள், உடம்பு உயரத்துக்குப் பழக. அங்கே அருவி வரைக்கும் சின்ன நடை. பிறகு போஜ்பாசாவுக்குப் பதினாலு கிலோமீட்டர் நடந்து, ராத்தங்கல். மறுநாள் கங்கை புறப்படுகிற கோமுகம்.

"கேதார்நாத் இல்லியா அண்ணி?"

"அது இன்னொரு வாட்டி. இந்த வாட்டி பனிப்பாறைதான்."

"உனக்கு பிரஷர் இருக்குதே, மறந்துட்டியா?" என்றார் கைலாசம்.

மறக்கவில்லை. பிரஷர் இறங்கினால்தான் மலையேற சர்டிபிகேட் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஊறுகாயையும் அப்பளத்தையும் அன்றோடு நிறுத்தினாள். மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. காலையில் முதல் பஸ் பிடித்துப் போய், ஐந்து கிலோ அரிசியை முதுகில் மாட்டிக்கொண்டு தாமல் ஏரிக்கரையில் நடந்தாள். புது ஷூ குதிகாலைக் கடித்துப் புண்ணாக்கியது. பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தாள். மூன்றாம் மாதம் டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

புரட்டாசியில் கைலாசமும் சேர்ந்து மூவரும் கிளம்பினார்கள். போஜ்பாசா வரை ஒரு குறையும் இல்லை. விடிந்தபோது காவேரியால் தலைவலியில் எழுந்திருக்க முடியவில்லை. ஏலவார்குழலி ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

"தங்கச்சிய நான் பாத்துக்கறேன். நீ போய்ட்டு வாம்மா," என்றார் கைலாசம்.

வழிகாட்டியோடு பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்தாள். வெள்ளைவெளேரென்று இருக்கும் என்று நினைத்த பனி, மண்ணும் கல்லும் அப்பிக் கறுத்துக் கிடந்தது. வெடிப்புகளுக்குள் மட்டும் நீலம். கீழே ஆறு இரைந்துகொண்டு வெளியே வந்தது. பனி உடைந்து விழும், இதற்கு மேல் போகக்கூடாது என்று வழிகாட்டி கையை நீட்டித் தடுத்துவிட்டான். தொட்டுப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாள். கெஞ்சவில்லை. கரையோரம் ஒதுங்கியிருந்த ஒரு பனிக்கட்டியை எடுத்து, விரல் வலிக்கிறவரைக்கும் கையில் வைத்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது; அதை அவள் துடைக்கவில்லை.

மத்தியானம் திரும்பியபோது காவேரி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"எப்டி இருந்துது அண்ணி?"

"சத்தம்தான் மொதல்ல. வா, சொல்றேன்," என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவை அவிழ்த்தாள். கைலாசம் எழுந்து டீ வாங்கி வரப் போனார்.